சவலைப் பிள்ளைகளும் டாக்டர் கோபாலனும்

சவலைப் பிள்ளை என்றால் யார் என்று நம் இல்லத்துப் பெரியோர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தாய் மறுபடியும் கருவுற்றதும் பால் மறக்கடிக்கப்பட்டு, இளைத்து ஏங்கி நிற்கும் குழந்தைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. ஆப்பிரிக்காவில் கானா தேசத்து 'கா' பாஷையிலும் ஏறக்குறைய இதே பொருளில் ஒரு சொல் உண்டு. குவாஷியோர்க்கர் என்பது அது. டாக்டர் சிஸிலி வில்லியம்ஸ் என்ற மாது 1935-ம் வருஷத்தில் அச்சொல்லையே ஒரு நோயின் பெயராக வைத்திய உலகுக்கு அளித்தார். அந்நோயின் காரணத்தை நம் தேசத்துக் குழந்தைகளிடையே நெடுங்காலம் ஆராய்ந்தவர்களுள் தலைசிறந்தவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன்.

அவர் பிறந்தது 1918-ம் வருஷம் நவம்பர் 29-ந் தேதி. அதே வருஷத்தில்தான் குன்னூர் பாஸ்டர் ஸ்தாபனத்தின் ஓர் அறையில் டாக்டர் மக்காரிஸன் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். சென்னையில் வைத்தியமும் லண்டனில் ஆராய்ச்சியும் பயின்ற கோபாலன், பிற்காலத்தில் குன்னூர் ஆராய்ச்சிச் சாலையிலேயே வந்து சேர்ந்தார். 1958-ல் அது ஹைதராபாத்துக்கு மாறிற்று. பின்னர் தேசிய போஷாக்கு ஸ்தாபனம் என்ற பெயரையும் பெற்றது. அதன் தலைவராகவும் அவர் விளங்கினார்.

அக்காலத்தில் உலகெங்கும் ஒரே பேச்சாக இருந்தது புரதப் பஞ்சம். ஏழை நாட்டுக் குழந்தைகள் மெலிவதற்குப் புரதக் குறைவே காரணம் என்று நிபுணர்கள் பலர் உரைத்தனர். பெரும் புரத நெருக்கடி வருகிறதென்று ஐக்கிய நாடுகள் சபை 1968-ல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. மீன் மாவு முதலிய புரதச் சரக்குகளைத் தயாரித்து வழங்கவும் யோசனைகள் பிறந்தன.

கோபாலன் இதை அப்படியே ஏற்கவில்லை. கை கால் வீங்கிய குவாஷியோர்க்கர் குழந்தைகளையும், எலும்பும் தோலுமான மராஸ்மஸ் குழந்தைகளையும் அவருடைய குழுவினர் ஆராய்ந்தனர். இரு சாராரும் உண்ட உணவின் தன்மையில் வேற்றுமை காணவில்லை. நம் ஏழைக் குழந்தைகளுக்கு முதற் குறை சோற்றின் அளவிலேதான் என்பது அவர் கண்ட முடிவு. தானியமும் பருப்பும் கலந்த நம் ஆகாரத்தைப் பசியாற உண்டால் அதனுடன் புரதமும் பெரும்பாலும் போதிய அளவு கிடைத்துவிடும். வயிறு நிறையாவிட்டாலோ, உடல் அந்தப் புரதத்தையும் எரித்துச் சக்தியாக்கிக் கொள்ளும். விறகில்லாத வீட்டில் கதவையும் ஜன்னலையும் பிளந்து அடுப்பெரிப்பது போன்றது அது!

இதை அவர் சோதித்தும் காட்டினார். ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் சிறு குழந்தைகளுக்கு 14 மாதம் அதிகப்படி ஆகாரம் அளிக்கப்பட்டது. கோதுமை மாவும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்ந்த எளிய பண்டம். தினம் 310 கலோரி, புரதமோ 3 கிராம்தான். 1973-ல் வெளியான முடிவின்படி, இதைப் பெற்ற குழந்தைகள் பெறாதவர்களைவிட உயரத்திலும் எடையிலும் நன்கு வளர்ந்தனர்.

தாய்மார்கள் இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும். அதன் பிறகு அது மட்டும் போதாது. குழந்தையின் வயிறோ சிறியது. நீர்க்கக் கரைத்த கஞ்சி வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. குழைந்த சோறும் பருப்பும், ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்த்து, சிறிது சிறிதாகப் பல வேளை ஊட்ட வேண்டும். தாய்ப்பாலையும் நிறுத்தலாகாது. விலையுயர்ந்த டப்பா மாவு இல்லையே என்று எந்தத் தாயும் வருந்த வேண்டியதில்லை.

1980-களில் வேறொரு வாதம் எழுந்தது. ஏழைக் குழந்தைகள் குள்ளமாயிருப்பினும் ஆரோக்கியமாகவே இருக்கின்றனர் என்றனர் சில அறிஞர். கோபாலன் அதைக் கடுமையாக எதிர்த்தார். செல்வர் பிள்ளைக்கு ஓர் அளவுகோல், ஏழை பிள்ளைக்கு வேறோர் அளவுகோலா என்பதே அவர் வாதத்தின் சாரம். குறைந்த வளர்ச்சியை இயல்பென்று ஏற்றுக்கொண்டால், அதற்குக் காரணமான வறுமையையும் ஏற்றதாகுமன்றோ? இந்தியா உட்பட ஆறு தேசங்களில் நல்ல பராமரிப்பில் வளர்ந்த குழந்தைகளை உலக சுகாதார ஸ்தாபனம் அளந்து, 2006-ல் புதிய வளர்ச்சி அளவுகளை வெளியிட்டது. அவர்கள் ஏறக்குறைய ஒரே விதமாக வளர்ந்திருந்தது, நம் குழந்தைகள் பிறவியிலேயே குறைந்தவர்கள் அல்லர் என்பதை நிரூபித்தது.

நூறு வயது கடந்து 2019-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி அவர் சென்னையில் காலமானார். அவ்வருஷம் தொடங்கி 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35.5 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று தெரிந்தது. அவர் தொடங்கிய பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. நம் குழந்தைக்கு வேளை தவறாமல் ஊட்டுவதுடன் நம் கடமை தீர்ந்துவிடாது. நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண்ணின் குழந்தை இன்று என்ன உண்டது என்று விசாரிப்பதும் அக்கடமையில் ஒரு பகுதியே.