பேய் என்பதா, பெண் என்பதா?

"இருட்டினபிறகு வாழைமரத்துப் பக்கம் போகாதே" என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். கெம்போஜாப் பூ வாசம் வந்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதும் அதோடு சேர்ந்தே வரும். பிள்ளைப்பேற்றில் மாண்ட பெண், இரத்தம் குடிக்கும் பொந்தியானாக்காக வருவாள் என்பது மலாய்க்காரர்களின் பழைய நம்பிக்கை. அந்தப் பெயரிலேயே 1957-இல் சிங்கப்பூரில் கேத்தே கெரிஸ் நிறுவனம் ஒரு படம் எடுத்தது.

இயக்கியவர் பி. என். ராவ். தமிழில் 'ரம்பையின் காதல்' (1939), 'சாலிவாகனன்' (1945) ஆகிய படங்களை எடுத்த அதே ராவ்தான்! கதாநாயகி மரியா மெனாடோ. படம் வாரக்கணக்கில் ஓடியது. கண்டோனீஸ் மொழியிலும் குரல் சேர்த்து வெளியிட்டார்கள். அடுத்தடுத்து இரண்டு தொடர்ச்சிப் படங்களும் வந்துவிட்டன.

கதையைக் கேளுங்கள். சோமேல் ஒரு கூனி. ஊரே கேலி செய்யும். வளர்த்த கிழவர் இறந்தபின், அவருடைய மந்திர ஏட்டின் உதவியால் அவள் அழகியாகிறாள். ஆனால் ஒரு கட்டுப்பாடு: மனித இரத்தம் நாவில் படவே கூடாது. கல்யாணம் ஆகிறது, பெண்குழந்தையும் பிறக்கிறது. ஒருநாள் கணவனைப் பாம்பு தீண்டுகிறது. விஷத்தை உறிஞ்சி எடுக்க வாய் வைக்கிறாள். அவ்வளவுதான், பேயாகிவிடுகிறாள்.

இந்த மாதிரிப் படத்தைப் பத்துப் பேர் பார்த்தால் பத்து விதமாகப் பேசுவார்கள். இளவட்டங்கள் கோரப்பல்லைப் பார்த்துச் சிரிப்பார்கள். (சிரித்தவர்தான் இரவில் வெளியே போகத் துணைக்கு ஆள் தேடுவார்!) மூடநம்பிக்கையை வளர்க்கிறது என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது; விடியுமுன் பால்மரக் காட்டுக்குள் போகிற பிள்ளைகளுக்கு இருட்டே போதும், பேய் வேறு வேண்டாம். ஆனால் பெண்கள் இந்தக் கதையைக் கேட்டால் பேயை விட்டுவிட்டு அவள் தாலிக்காகப் பட்ட பாட்டைத்தான் பேசுவார்கள். புருஷன் உயிரைக் காக்க வாய் வைத்தவளுக்கா இந்தத் தண்டனை என்பார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

பிரசவத்துக்குப் போன பெண் திரும்பி வராத வீடுகள் அந்தக் காலத்தில் எத்தனையோ. அந்தத் துக்கத்துக்கு இங்கே பேய் வடிவம் கொடுத்தார்கள். தமிழகக் கிராமங்களில் வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவளுக்குப் பாதையோரம் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். அவள் இறக்கி வைக்காத சுமையை வழிப்போக்கர் இறக்கி வைக்கட்டும் என்று. பயந்து ஒதுங்கியதும் உண்டு, கல் நட்டு நினைத்ததும் உண்டு.

முதல் படத்தின் பிரதி இன்று எங்கும் கிடைப்பதில்லை. மூன்றாவதாக 1958-இல் வந்த 'சும்பா பொந்தியானாக்' மட்டும் தப்பியிருக்கிறது. ஆகவே, முதல் படத்தைக் கொட்டகையில் பார்த்த தாத்தா பாட்டி யாராவது உங்கள் லயத்திலோ தாமானிலோ இருந்தால், பயந்தீர்களா என்று கேட்காதீர்கள். பாம்பு கடித்த இடத்தில் அவள் வாய் வைத்தபோது, பெண்கள் பக்கம் என்ன சத்தம் கேட்டது என்று கேளுங்கள்.