புதுக் கம்பி எல்லாத் தெருவுக்கும் வருமா?

மாதம் பிறந்ததும் கேபிள்காரர் கதவைத் தட்டுகிறார். படம் சரியாகத் தெரியவில்லை என்றால், "லைனைப் பார்க்கிறேன்" என்கிறார். கட்டணம் அதிகம் என்றால் சிரிக்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? அந்தத் தெருவில் இருப்பது அவருடைய கம்பி ஒன்றுதான்!

ஸ்ரீராமபுரம், அல்சூர், மர்பி டவுன், லிங்கராஜபுரம் என்று பெங்களூரில் தமிழர்கள் நெருங்கி வாழும் பகுதிகளில் பல தெருக்களுக்கு இது பழகிய காட்சி. சற்றுத் தள்ளி அடுக்குமாடிக் கட்டடங்களிலோ இரண்டு மூன்று கம்பெனிகள் போட்டி போட்டு அழைக்கின்றன. நகருக்குள் வரும் புதுக் கம்பெனி அங்கே மட்டும் கம்பி இழுத்து நிறுத்திக் கொள்ளலாமா? சட்டம் கேட்காதா?

பதிவு உண்டு, கடமை இல்லை

கேட்காது என்பதுதான் பதில். 1995ஆம் ஆண்டு கேபிள் டெலிவிஷன் சட்டப்படி, கேபிள் நடத்துபவர் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்துகொண்டால் போதும் என்றிருந்தது. 2025 ஜனவரியில் விதி மாறியது. இப்போது மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் இணையம் வழியே பதிவு. ஐந்து ஆண்டுக்குச் செல்லும். கட்டணம் 5,000 ரூபாய். அன்றும் சரி, இன்றும் சரி, "இத்தனை நாளில் இன்னின்ன தெருக்களுக்குக் கம்பி இழுக்க வேண்டும்" என்ற நிபந்தனை அவருக்குக் கிடையாது.

கம்பெனியின் கணக்கு எளியது. நூறு வீடுள்ள கட்டடத்துக்கு ஒரு கம்பி கொண்டுபோனால் நூறு வாடிக்கை. ஒண்டுக் குடித்தனத் தெருவில் கம்பம் கம்பமாக இழுக்க வேண்டும். வீட்டுக்காரர் அனுமதியும் வேண்டும்.

டெலிபோனுக்கு இருந்த விதி

இதே நாட்டில் டெலிபோனுக்கு வேறு நியாயம் இருந்தது. 2001ஆம் ஆண்டு தனியார் கம்பெனிகளுக்குத் தரைவழி டெலிபோன் லைசென்ஸ் வழங்கியபோது, ஏழு ஆண்டில் படிப்படியாக எல்லா வட்டாரங்களையும் எட்ட வேண்டும் என்று விதித்தார்கள். ஒவ்வொரு படியிலும் நகரம், சிறு நகரம், கிராமம் மூன்றையும் சம விகிதத்தில் எடுக்க வேண்டும். லாபமான இடத்தை முதலில் முடித்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பது நடக்காது.

நியூயார்க் கற்ற பாடம்

அமெரிக்காவில் கேபிள் கம்பெனிகள் ஊராட்சியுடனோ மாநில அரசுடனோ ஒப்பந்தம் செய்தாக வேண்டும். ஏழைகள் வாழும் பகுதி என்பதற்காகச் சேவையை மறுக்கக் கூடாது என்று 1984ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. 2008இல் வெரைசான் கம்பெனி நியூயார்க்கில் புதுப் போட்டியாளராக வந்தபோது, 2014 நடுவுக்குள் நகரத்து வீடுகள் அனைத்துக்கும் கம்பி கொண்டு செல்ல ஒப்புக்கொண்டது.

கெடு முடிந்தது, பல வீடுகளுக்குச் சேவை கிடைக்கவில்லை. "வீட்டைக் கடந்து கம்பி செல்ல வேண்டும்" என்ற ஒப்பந்த வாசகத்துக்கு நகரம் ஒரு பொருள் சொன்னது, கம்பெனி வேறு பொருள் சொன்னது. கட்டட உரிமையாளர்கள் உள்ளே விடவில்லை என்றும் கம்பெனி காரணம் காட்டியது. 2017இல் நகரம் வழக்குத் தொடர்ந்தது. 2020இல் சமரசம் ஏற்பட்டு, மேலும் 5 லட்சம் வீடுகளுக்கு 2023க்குள் வசதி செய்து தரக் கம்பெனி இணங்கியது. நிபந்தனை போட்டால் மட்டும் போதாது. அதைத் தெளிவாக எழுதி வைக்கவும் வேண்டும் என்பது இதில் கிடைக்கும் பாடம்.

எதிர்வாதமும் உண்டு

பழைய கம்பெனி பத்து இருபது ஆண்டு சிறுகச் சிறுக வளர்ந்தது. புதிதாக வருபவனை ஒரே நாளில் ஊர் முழுவதும் இழுக்கச் சொன்னால் அவன் வரவே மாட்டான். பழையவனே தனிக்காட்டு ராஜாவாக இருப்பான் என்கிறார்கள். இதை ஒதுக்கித் தள்ள முடியாது. அமெரிக்க மத்திய ஆணையமும் 2006இல், புதியவர் மீது நியாயமற்ற கெடு சுமத்தக் கூடாது என்று ஊராட்சிகளுக்குக் கடிவாளம் போட்டது.

ஆனால் ஒரே நாளில் வேண்டாமே! டெலிபோனுக்கு வகுத்தது போல ஏழு ஆண்டு தரலாம். வசதியான பகுதியில் ஒரு தெரு என்றால் தொழிலாளர் பகுதியிலும் ஒரு தெரு என்று கணக்கு வைக்கலாம். பெங்களூரில் இன்று ஐந்து மாநகராட்சிகள் இருக்கின்றன. சாலையைத் தோண்ட அவற்றின் அனுமதி வேண்டும். ஆனால் தோண்டிய பள்ளத்தை மூடுவது பற்றி எழுதும் நிபந்தனை, விட்டுப்போன தெருவைப் பற்றிப் பேசுவதில்லை.

இது மாதம் ஐம்பது, நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் விஷயம் மட்டுமல்ல. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை கொதித்தபோது, பெங்களூர் கேபிளில் தமிழ்ச் சானல்கள் நிறுத்தப்பட்டன. ஊரில் என்ன நடக்கிறது என்று அறிய ஒவ்வொரு குடும்பமும் தவித்த நாட்கள் அவை. இரண்டாவது வழி இருக்கும் வீட்டுக்கு அப்படிப்பட்ட நாளில் ஒரு மாற்று உண்டு. ஒரே கம்பியை நம்பிய வீட்டுக்கு?