மெத்தை யாருக்கு?

ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜுக்கு வரும் வளைவான வீதியில், முச்சக்கர வண்டியின் மேல் கயிற்றாற் கட்டப்பெற்ற மெத்தையொன்று ஆடியசைந்து வருவதைப் பண்டிகைக் காலங்களில் நாம் அடிக்கடி காண்கிறோம். நம் பாட்டனார் காலத்தில் இவ்வழியே தலைச்சுமையாக வந்தவை பாயும் கம்பளியுமேயாம். அக்கம்பளி பகலில் மழைக்குக் கொங்காணியாயிற்று. இரவில் அதுவே போர்வையுமாயிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் உறங்கவேண்டியிருந்தமையால், விடிந்ததும் சுருட்டி மூலையில் வைக்கத்தக்க பாயே பொருத்தமான படுக்கையாக விளங்கிற்று. மெத்தையைச் சுருட்டி வைக்க இயலுமா?

இன்றும் லயங்களில் வாழ்வோர் பலர். எனினும் 7 பேர்ச் நிலத்தில் தனி வீடு பெற்றோரும் இருக்கின்றனர். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, முன்னர் உறுதியளிக்கப்பட்ட 4,000 வீடுகளுக்கு மேலாக 10,000 வீடுகளை மலையகத்துக்கு அறிவித்துச் சென்றார். படுக்கையறை என ஓர் அறை அமைந்ததும் கட்டிலைப் பற்றிய பேச்சு எழுகிறது. கட்டில் வந்ததும் மெத்தை வேண்டியதாகிறது. ஆதலின், மெத்தை வாங்குவது எப்படி என்பது நம் குடும்பங்கள் புதிதாகக் கற்கவேண்டிய பாடமாகிவிட்டது.

ஒரு வீட்டிற் கண்டது

சில மாதங்களுக்கு முன் நம்மிடம் பயிலும் மாணவியொருத்தியின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். முன்னறையில் புதிய கட்டில். அதன் மேல் தவணை முறையில் வாங்கிய தடித்த மெத்தை. கடையிலிருந்து வந்த பொலித்தீன் உறை அப்போதும் நீக்கப்படவில்லை. "யார் இதில் உறங்குவது?" என்று வினவினோம். கொழும்பிற் கடையொன்றில் வேலை செய்யும் மகன் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும்போது அவனுக்கும், விருந்தினர் வந்தால் அவர்களுக்கும் என்றனர். கொழுந்து பறிக்கும் தாயாரோ சமையலறை அடுப்போரத்தில், சீமெந்துத் தரைமேற் சாக்கை விரித்து, அதன்மேற் பாயிட்டுப் படுக்கின்றார்.

"எனக்கென்னாங்க ஐயா, படுத்தா போதும், தூக்கம் வந்துரும்" என்று அவர் சிரித்தார்.

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பது பழமொழி. அயர்ந்து விழுந்தவனுக்கு உறக்கம் வருவது உண்மையே. ஆயினும் உறக்கம் வருவது வேறு. உறங்கியெழுந்த உடல் இளைப்பாறியிருப்பது வேறு. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோவும் அதற்கு மேலும் கொழுந்து எதிர்பார்க்கப்படுகிறது. அச்சுமையைத் தலையும் கழுத்தும் முதுகும் தாங்கிச் சரிவில் ஏறியிறங்கிய பெண், இரவு முழுவதும் ஈரத் தரையின் குளிரை அதே முதுகில் ஏற்கிறார். வீட்டிற் கடைசியாகக் கண்ணயர்பவர் அவர். நாலரை மணிக்கு முதலில் எழுபவரும் அவரே. வளர்ந்தோர்க்குக் குறைந்தது ஏழு மணி நேர உறக்கமும், 13 முதல் 18 வயது வரையினர்க்கு எட்டு முதல் பத்து மணி நேரமும் வேண்டும் என்பது மருத்துவர் கூற்று. இக்கணக்கில் அத்தாயாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பிள்ளைகளே எண்ணிப் பார்க்கட்டும்.

நம் உழைப்பும் பிறர் உறக்கமும்

மெத்தையின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று. 1876ஆம் ஆண்டில் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் இரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. பின்னர் பெருகிய இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியோருள் நம்மவரும் பலர். 1929இல் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தார் இரப்பர்ப் பாலை நுரைபடக் கடைந்து மென்மெத்தை செய்யும் வழியைக் கண்டனர். தென்னைநாரின் மேல் இரப்பர்ப் பாலைத் தெளித்து இறுக்கிச் செய்யும் மெத்தை மற்றொரு வகை. இவ்விரு மூலப்பொருள்களும் நம் நாட்டில் விளைகின்றன. மேனாட்டார் சுகமாக உறங்க உழைத்த கரங்களுக்குத் தாமும் சுகமாக உறங்க உரிமையுண்டு என்பதை நாம் சிறிது தாமதமாகவே உணர்கிறோம்.

தேர்ந்தெடுக்கும் முறை

நீர்த்தேக்கத்து மூடுபனியும் தென்மேற்குப் பருவமழையும் சேர்ந்த இவ்வூருக்கு எல்லா மெத்தையும் ஒவ்வா. இலவம் பஞ்சு மெத்தை மென்மையானது. ஆனால் ஈரத்தை உறிஞ்சிக் கட்டிபடும். அதை அடிக்கடி வெயிலிற் காயவைக்க வேண்டும். ஆடி மாதத்து மழையில் இங்கு வெயிலை எங்கே தேடுவது? தென்னைநார் மெத்தை உறுதியானது, காற்றோட்டமும் உடையது. ஆண்டுகள் செல்லச் செல்ல நடுவிற் பள்ளம் விழக்கூடும். ஸ்பொஞ் மெத்தையோ அடர்த்தியைப் பொறுத்தது. ஒரே அளவும் தடிப்பும் கொண்ட இரண்டைத் தூக்கிப் பாருங்கள். கனமானதே பெரும்பாலும் நெடுநாள் உழைக்கும். மேலுறையின் பூவேலைப்பாட்டைக் கண்டு மயங்கலாகாது.

முதுகு வலிக்குக் கல்லைப்போன்ற கட்டிப் படுக்கையே மருந்து என்று பலர் கருதுகின்றனர். 2003ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஸ்பானிய ஆய்வொன்று இதை மறுத்தது. நெடுநாள் இடுப்பு வலியுற்ற 313 பேரை 90 நாட்கள் கவனித்ததில், மிகக் கடினமான மெத்தையிற் படுத்தவர்களைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையிற் படுத்தவர்களே அதிக நலம் பெற்றனர். கடையிலேயே இதை ஒருவாறு சோதிக்கலாம். மல்லாந்து படுத்து இடுப்பின் கீழே கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை மிகக் கடினம். நுழையவே இயலாவிடின் மிக மென்மை. கூச்சப்படாமற் பத்து நிமிடமேனும் படுத்துப் பார்க்கவேண்டும். அதிற் படுக்கப்போகிறவரையே கடைக்கு அழைத்துச் செல்லுதல் அதனினும் முக்கியம்.

பத்து நிமிடமும் போதாது என்பதை இன்றைய வணிகர் சிலரே ஒப்புக்கொள்கின்றனர். இந்தியாவில் 2016இல் தொடங்கப்பெற்ற வேக்ஃபிட் நிறுவனம் மெத்தையைச் சுருட்டிப் பெட்டியில் அடைத்து வீட்டுக்கே அனுப்பி, 100 இரவுகள் படுத்துப் பார்த்துப் பிடிக்காவிடில் திருப்பித் தரவும் இடமளித்தது. நம் கடைகளிலும், மாற்றித்தருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நன்று. தவணையாயின், மாதக் கட்டணத்தை மட்டும் பாராமல் எல்லாத் தவணைகளையும் கூட்டி மொத்த விலையைக் காணவேண்டும். இக்கணக்கு நம் மாணவர்க்கு எளிதே.

வாங்கியபின் செய்யவேண்டியன மூன்று. முதலாவது, பொலித்தீன் உறையை நீக்குதல். அது வியர்வையை வெளிவிடாது. இரண்டாவது, மெத்தையை வெறுந்தரையிற் போடாதிருத்தல்; உடற்சூட்டினால் எழும் ஆவி குளிர்ந்த சீமெந்தைத் தொட்டு நீராகிப் பூஞ்சணத்தை வளர்க்கும். கட்டில் இல்லாவிடின், இடைவெளிவிட்டு அடித்த பலகைகளே போதும். மூன்றாவது, காலையில் அதைச் சுவரிற் சாய்த்து நிறுத்திக் காற்றாட விடுதல். மெத்தை வாங்க வசதியில்லாதோர் வருந்தவேண்டியதில்லை. பலகைமேல் இரு பாய்களும் அவற்றின்மேல் மடித்த கம்பளியுமிட்டால் தரையின் குளிர் முதுகை அணுகாது. குளிரைத் தடுப்பது அவற்றிடையே தங்கும் காற்றேயாகும்.

ஆனால் இவை அனைத்துக்கும் முன்னதாக வீட்டார் கூடித் தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: மெத்தை யாருக்கு? ஆண்டில் ஐந்து நாள் வரும் விருந்தினருக்கா, எஞ்சிய முந்நூற்றறுபது நாளும் உழைக்கும் முதுகுக்கா? விருந்தோம்பல் நம் மரபு. அதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. விருந்தினர் வரும் நாளில் தாயார் மனமுவந்து விட்டுக்கொடுக்கட்டும். விட்டுக்கொடுப்பதற்கேனும் அது முதலில் அவருடையதாக இருக்கவேண்டுமல்லவா?

அன்று இதனை அம்மாணவியிடம் கூறிவந்தோம். அண்மையில் அவ்வழியே சென்றபோது மெத்தையின் உறை நீங்கியிருந்தது. தாயும் மகளும் அதில் உறங்குவதாக அறிந்தோம். தாயாருக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. "நல்லாத் தூங்கிப்புட்டேன் ஐயா, பெரட்டுக்குப் பிந்திருச்சி" என்றார்.

அவ்வொரு நாள் தாமதத்தைத் தோட்டம் பொறுத்துக்கொள்ளும் என்றே நம்புகிறோம்.