மனை புக் பண்றீங்களா? 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கொடுக்காதீங்க!

ஓசூர்: மூக்கண்டப்பள்ளி, சிப்காட் பகுதி கம்பெனிகளில் வேலை பார்க்கும் பலருக்கும் சொந்தமா ஒரு மனை வாங்கணும் என்பதுதான் கனவு. "இன்னிக்கே பாதிப் பணம் கட்டுங்க, டெவலப்மெண்ட் சார்ஜ் தனி" என்று புரோக்கர் அவசரப்படுத்தினால் உஷார்!

2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல், மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. 20 லட்ச ரூபாய் மனைக்கு 2 லட்சம்தான். மேலே கேட்டால், "முதல்ல அக்ரிமெண்ட் பதிவு பண்ணுங்க" என்று தைரியமா சொல்லுங்க.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவுகளை 'ரெரா' ஆணையத்தில் பதிவு செய்த பிறகே விற்க வேண்டும். கம்பெனி ஆபீஸ் பெங்களூரில் இருந்தாலும், மனை ஓசூரில் என்றால் தமிழ்நாடு ரெரா எண்தான் வேணும். கர்நாடக எண் செல்லாது.

வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தை, நிலம் மற்றும் கட்டுமான செலவுக்காக, தனி வங்கிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும்.

வளர்ச்சிக் கட்டணம் என்பது அரசு விதிப்பது. அதன் பேரில் பணம் கேட்டால், அரசுக்குக் கட்டிய ரசீதைக் காட்டச் சொல்லுங்க.

சொன்ன தேதியில் மனையை ஒப்படைக்காவிட்டால், பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்டு ரெராவில் புகார் கொடுக்கலாம். அதற்கு அக்ரிமெண்டும் ரசீதும் கையில் இருக்கணும்!