பட்டாளத்துத் தொப்பிச் சின்னங்கள்

தபால்தலை சேர்ப்போரும் பழங்காசு சேர்ப்போரும் நம்மிடையே பலர் உளர். பட்டாளத்துத் தொப்பிச் சின்னம் சேர்ப்போர் மிகச் சிலரே. ஆயினும் அச்சின்னங்களில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர் எளிதில் கீழே வைக்கமாட்டார். உள்ளங்கையில் அடங்கும் சிறு பித்தளைத் துண்டு அது. அதில் ஒரு புலி நடக்கிறது. புலியின் முதுகுக்கு மேலே "ஹிந்துஸ்தான்" என்று ஆங்கில எழுத்து. காலடியில் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள லெஸ்டர்ஷயர் என்னும் மாவட்டத்தின் பெயர். ஆடு மேய்க்கும் லெஸ்டர்ஷயரில் புலி ஏது? இக்கேள்வி எழுந்த அக்கணமே ஒருவர் சின்னம் சேர்ப்பவராகி விடுகிறார் எனலாம்.

பழந்தமிழ் வேந்தரின் வீரர் பனம்பூவும் வேப்பம்பூவும் ஆத்திப்பூவும் சூடித் தம்மவர் யார், மாற்றார் யார் என அடையாளம் கண்டனர். பிரிட்டிஷ் காலாட்படையின் சின்னமும் அடிப்படையில் அதே வேலையைச் செய்வதுதான். ஆனால் பூ வாடிவிடும்; பித்தளை வாடாது. ஒரு நூற்றாண்டில் பெற்ற சின்னத்தை அடுத்த நூற்றாண்டின் பேரனும் அணிகிறான். அதனால் அடையாளமாகத் தொடங்கியது வரலாறாக மாறிவிட்டது.

பிரிட்டிஷ் காலாட்படை, ரெஜிமெண்டு எனப்படும் பட்டாளங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தொடக்க காலத்தில் ஒரு பட்டாளம் அதன் தலைவரான கர்னலின் பெயரால் வழங்கிற்று. அவர்தம் குடும்ப முத்திரையைக் கொடியில் பொறிப்பதும் உண்டு. பட்டாளம் அரசருடையதா, கர்னலுடையதா என்னும் ஐயத்திற்கு 1751ஆம் ஆண்டின் அரசாணை முடிவு கட்டியது. கர்னல்கள் தம் சொந்த முத்திரையைப் பயன்படுத்தலாகாது; பட்டாளங்கள் எண்ணால் அறியப்பட வேண்டும் என்றாயிற்று. 1782இல் எண்ணோடு மாவட்டப் பெயரும் சேர்ந்தது. 1881இல் பெரும் மாற்றம் வந்தது. எண்கள் நீக்கப்பட்டு, பெரும்பாலும் இரண்டிரண்டு பட்டாளங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. இரு வீட்டார் சம்பந்தம் செய்துகொண்டால் சீர்வரிசைப் பாத்திரங்கள் ஒரே அலமாரியில் கலந்து கிடக்குமே, அவ்வாறு இரு பட்டாளங்களின் பழம்பெருமைகளும் ஒரே சின்னத்தில் கலந்தன. ஒரு சின்னத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பொருள்கள் இருப்பதைக் கண்டால், அது பெரும்பாலும் 1881இன் வேலை என்று கொள்க.

லெஸ்டர்ஷயர் புலியின் கதை நேரானது. அப்பட்டாளம் முன்னர் 17ஆம் எண்ணுடையது. 1804 முதல் 1823 வரை இந்தியாவில் இருந்தது. நேபாளப் போர் உள்ளிட்ட பல போர்களில் ஈடுபட்டது. அதற்காக 1825இல் புலியும் "ஹிந்துஸ்தான்" என்னும் சொல்லும் அளிக்கப்பட்டன. புலிச் சின்னம் இவர்களுக்கு மட்டும் உரியதன்று. 67ஆம் பட்டாளத்தின் வழிவந்த ஹாம்ப்ஷயர் பட்டாளத்தாரிடமும், 65ஆம் பட்டாளத்தின் வழிவந்த யார்க் அண்ட் லங்காஸ்டர் பட்டாளத்தாரிடமும் புலி உண்டு. அவ்விரண்டிலும் புலியோடு ரோஜாவும் சேர்ந்திருக்கும். புலி தனித்து நின்றால் அது லெஸ்டர். இந்தியாவை வென்றதற்கு அடையாளமாக இந்தியாவின் விலங்கையே எடுத்துத் தலையில் சூடிக்கொண்டனர் என்பதை நாம் மறத்தலாகாது.

இப்புலி 1941இல் மலாயாவுக்கு வந்தது. லெஸ்டர்ஷயர் பட்டாளத்தின் முதற்பிரிவு, அவ்வாண்டு டிசம்பரில் கெடாவின் ஜித்ராவில் ஜப்பானியரிடம் அடிபட்டுப் பெரும் இழப்புக்கு உள்ளாயிற்று. கிழக்கு சர்ரே பட்டாளத்தின் இரண்டாம் பிரிவுக்கும் அதே கதி. எஞ்சியவர்களை ஈப்போவில் ஒன்றுசேர்த்து "பிரிட்டிஷ் பட்டாலியன்" என்னும் புதிய அணி அமைக்கப்பட்டது. ஒருவன் தொப்பியில் புலி. பக்கத்தில் நிற்பவன் தொப்பியில் கிழக்கு சர்ரேயின் நட்சத்திரம். இவ்விருவரும் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பார் குன்றுகளில் ஜப்பானியரைத் தடுத்து நின்றனர். பஞ்சாப் பட்டாளத்துச் சீக்கியர் துப்பாக்கி முனைக் கத்தியுடன் பாய்ந்து, இழந்த மேட்டை மீட்டதும் இப்போரில்தான். மலாயாப் போரில் ஜப்பானியரின் ஓட்டம் சில நாட்களேனும் தடைபட்ட இடங்களில் கம்பார் ஒன்று. தெலுக் ஆன்சன் பக்கமாகக் கடல்வழி வந்த ஜப்பானியர் பின்புறத்தை மறிக்கக்கூடும் என்ற அச்சத்தால்தான் அவர்கள் பின்வாங்கினர்.

கம்பார் என்னும் சொல் பின்னர் அவ்விரு பட்டாளங்களின் போர்ச்சிறப்புப் பட்டியலில் ஏறிற்று. ஆனால் தொப்பிச் சின்னத்தில் ஏறவில்லை. சின்னம் சேர்ப்பவர் கவனிக்க வேண்டிய நுட்பம் இது. சின்னத்தில் பொறித்திருப்பது மட்டுமே வரலாறு அன்று. பட்டாளம் எதைத் தலையில் வைத்துக்கொள்ள விரும்பியதோ அதுவே அங்கு இருக்கிறது.

தமிழருக்கு இன்னும் நெருக்கமான சின்னம் ஒன்று உண்டு. அது அயர்லாந்துப் பட்டாளமான ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் அணிந்தது. தீச்சுவாலை எழும் கைக்குண்டு ஒன்று. அக்குண்டின் மேல் புலியும் யானையும். டப்ளின் நகரத்தில் யானைக்கு என்ன வேலை என்று கேட்டால், விடை தேடிக் கடலூருக்குப் போக வேண்டும். கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு 1748இல் வந்த ஸ்டிரிங்கர் லாரன்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியச் சிப்பாய்களை ஒழுங்குபடுத்தினார். அவர்களிலிருந்து வளர்ந்ததே சென்னை ஐரோப்பியப் பட்டாளம். கர்நாடகப் போர்களில் நம் ஊர்ப் புழுதியில் நடந்தவர்கள் அவர்கள். ராபர்ட் கிளைவோடு பிளாசிக்குப் போனவர்களும் அவர்களே. கம்பெனி ஆட்சி முடிந்தபின் அப்பட்டாளம் அரசரின் படையில் சேர்க்கப்பட்டு 102ஆம் எண் பெற்றது. 1881இல் பம்பாயிலிருந்து வந்த 103ஆம் பட்டாளத்தோடு இணைக்கப்பட்டு, டப்ளின் பெயரைச் சூடியது. 1915 ஏப்ரல் 25ஆம் நாள், கலிப்பொலியின் கடற்கரையில் படகுகளிலேயே சுட்டு வீழ்த்தப்பட்ட டப்ளின்காரர்கள் பலரின் தொப்பிச் சின்னம் கடலூர்க் கோட்டையோடு தொடர்புடையது என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பர்! அயர்லாந்து தனி அரசாக ஆனபோது, 1922இல் இப்பட்டாளம் கலைக்கப்பட்டது. ஆகவே அச்சின்னத்தைப் புதிதாக அணிந்தவர் எவரும் அதன்பின் இல்லை.

வேறொரு பட்டாளம் தொப்பியின் முன்புறத்தோடு நில்லாமல் பின்புறத்திலும் சின்னம் அணிந்தது. 1801 மார்ச் 21ஆம் நாள் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் 28ஆம் பட்டாளத்தார் இரு வரிசையாக நின்று, முன்னே வந்த பிரெஞ்சுக் காலாட்படையோடு போரிட்டுக்கொண்டிருந்தனர். அந்நேரம் பிரெஞ்சுக் குதிரைப்படை பின்னாலிருந்து பாய்ந்தது. பின்வரிசையாரைத் திரும்பி நிற்குமாறு ஆணை பிறந்தது. முதுகோடு முதுகு ஒட்டி நின்று இரு திசையும் சுட்டனர், நிலை குலையவில்லை. அதன் நினைவாகத் தொப்பியின் பின்புறத்திலும் சின்னம் அணியும் உரிமை அவர்களுக்கு வந்தது. இவர்களே பின்னாளில் கிளாஸ்டர்ஷயர் பட்டாளம் ஆனவர்கள். பின்சின்னத்தில் இருப்பது எகிப்தின் ஸ்பிங்க்ஸ், அதாவது மனிதத் தலையும் சிங்க உடலும் உடைய உருவம். 1951 ஏப்ரலில் கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் சீனப்படை இவர்களை நாற்புறமும் சூழ்ந்துகொண்டது. பல நாள் போராடிய பின் அவர்களில் பெரும்பாலோர் சிறைப்பட்டனர். பின்னாலும் பகைவர் வருவர் என்று நூற்றைம்பது ஆண்டு தொப்பியில் அணிந்திருந்தவர்களுக்கு அது மெய்யாயிற்று. கிளாஸ்டர்ஷயர் என்னும் பெயர் 1994இல் வேறொரு பட்டாளத்தோடு இணைந்தது. 2007இல் "தி ரைஃபிள்ஸ்" என்னும் பெரும் பட்டாளத்தில் கரைந்தது. பின்சின்னம் மட்டும் அங்கேயும் உடன் சென்றுவிட்டது.

சேர்ப்பவர்கள் அறிய வேண்டிய சில செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். முதலாவது, சின்னத்தின் மேலுள்ள முடி. விக்டோரியா மகாராணியின் காலம் 1901இல் முடிந்தபின், அரசர்களின் காலத்தில் வளைவுகள் உருண்டு மேடிட்ட முடி வழங்கிற்று. இரண்டாம் எலிசபெத் அரசியானபின் வந்த முடி நடுவில் பள்ளம் விழுந்தது. இதைக் கொண்டு ஒரு சின்னத்தின் காலத்தை ஒருவாறு கணிக்கலாம். ஆனால் 2022இல் மூன்றாம் சார்லஸ் மீண்டும் உருண்ட முடியையே தேர்ந்துகொண்டார். ஆகையால் உருண்ட முடி கண்டவுடன் பழையது என்று துள்ளிவிடலாகாது. லெஸ்டர் புலியிலோ முடியே இல்லை. அங்கே "ராயல்" என்னும் சொல்லைப் பார்க்க வேண்டும். அப்பட்டம் 1946இல் வந்தது. அச்சொல் இல்லாத புலியே கம்பாருக்கு வந்த புலி.

இரண்டாவது, உலோகம். பித்தளையும் வெள்ளை உலோகமும் பழையவை. இரண்டாம் உலகப் போரில் உலோகம் தட்டுப்பட்டபோது பிளாஸ்டிக்கில் சின்னம் செய்தனர். சிப்பாய்கள் அதை விரும்பியதில்லை. சேர்ப்பவர்களோ இன்று அதைத் தேடி அலைகின்றனர். 1950களில் வண்ணமேற்றிய அலுமினியம் வந்தது. அது தேய்க்காமலே மின்னும். முன்னெல்லாம் பித்தளையை நாள்தோறும் துணியால் தேய்த்துத் தேய்த்துப் புலியின் கோடுகள் மழுங்கிப்போகும். அந்த மழுங்கல் குறையன்று. உண்மையாகவே ஒருவன் அதை அணிந்தான் என்பதற்குச் சான்று.

மூன்றாவது, போலி. பழைய அச்சுகளைக் கொண்டு பிற்காலத்தில் அடித்த சின்னங்களும், புது அச்சில் வார்த்தவையும் சந்தையில் ஏராளம். முன்புறத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். திருப்பிப் பார்க்க வேண்டும். நல்ல அடிப்பில் முன்புறத்து மேடு பின்புறத்தில் தெளிவான குழியாகத் தெரியும். தொப்பியில் செருகுவதற்குரிய தட்டையான தகட்டுக் காலோ, இரண்டு வளையக் காதுகளோ பின்னே இருக்கும். அவற்றின் பற்றவைப்பு பளபளவென்று புதிதாக இருந்து, முன்புறம் மட்டும் கறுத்திருந்தால் ஐயுறுக. கறுப்பைச் செயற்கையாக ஏற்றுவது கடினமன்று.

சின்னங்கள் மறைவதும் இக்கதையின் ஒரு பகுதி. நார்போக் பட்டாளத்தின் சின்னம் பிரிட்டானியா என்னும் அமர்ந்த பெண் உருவம். 1707இல் ஸ்பெயினின் அல்மான்சாவில் காட்டிய தீரத்துக்காகக் கிடைத்தது என்பது அவர்கள் மரபு. அப்போர் பிரிட்டிஷாருக்குத் தோல்வி என்பதுதான் வியப்பு. பின்னாளில் ஸ்பெயின் மக்கள் அவ்வுருவைக் கன்னி மரியாள் என்று எண்ணினராம். அதனால் "புனிதப் பையன்கள்" என்னும் கேலிப்பெயர் நார்போக்காருக்கு ஒட்டிக்கொண்டது. சபோக் பட்டாளத்தின் சின்னம் ஜிப்ரால்டர் கோட்டையும் சாவியும். 1779 முதல் 1783 வரை நடந்த முற்றுகையின் நினைவு அது. சபோக்காரர் 1949 முதல் 1953 வரை மலாயாக் காடுகளில் இருந்ததை நம் முந்தைய தலைமுறையினர் அறிவர். 1957இல் படைக்குறைப்புத் திட்டம் வந்தது. நெடுநாள் அண்டை வீட்டாரான இவ்விரு பட்டாளங்களும் 1959இல் ஒன்றாயின. பல பட்டாளங்களுக்குப் பொதுவான ஒரே சின்னம் தொப்பியில் ஏறியது. கோட்டை தப்பியது, பிரிட்டானியா தொப்பியை விட்டு இறங்கினாள். யார்க் அண்ட் லங்காஸ்டர் பட்டாளத்தாரோ இணைவதைவிடக் கலைவதே மேல் என்று 1968இல் தம் புலியோடு மறைந்தனர்.

அமர்ந்த அப்பெண்ணைக் காணச் சிங்கப்பூரில் ஓர் இடம் உண்டு. 1942 ஜனவரியில் நார்போக் பட்டாளத்தின் மூன்று பிரிவுகள் இங்கு வந்திறங்கின. பிப்ரவரி 15ஆம் நாள் சரணடைந்தவர்களோடு அவர்களும் சிறைப்பட்டனர். பலர் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டனர். அங்கே அவர்களுக்கு அருகிலேயே மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரவர் மண் சுமந்து, வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் மடிந்தனர். காஞ்சனபுரியில் போர்வீரர்களுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் உள்ளன. தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலோருக்குத் தொப்பியும் இல்லை, சின்னமும் இல்லை, தனித்தனியே பெயர் பொறித்த கல்லும் இல்லை.

சிங்கப்பூரின் வடக்கே கிராஞ்சியில் உள்ள போர்க் கல்லறையில் ஒவ்வொரு நடுகல்லின் தலைப்பிலும் அவ்வீரனின் பட்டாளச் சின்னம் செதுக்கப்பட்டிருக்கும். அதன் கீழே எண், பெயர், இறந்த நாள். 4,400க்கு மேற்பட்டோர் அங்கு உறங்குகின்றனர். 850க்கு மேற்பட்டோரின் பெயர் தெரியவில்லை. பெயர் தெரியாவிடினும் பட்டாளம் தெரிந்தால் சின்னம் மட்டும் செதுக்குவது வழக்கம். பெட்டியில் பூட்டிவைக்கும் சேகரத்தில் போலி புகலாம். இச்சேகரத்தில் புக வழியில்லை. காசும் செலவில்லை. உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள், 24,000க்கு மேல், மேட்டிலுள்ள நினைவுத் தூண்களில் பட்டாளம் பட்டாளமாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அவற்றில் சென்னை, பஞ்சாப், கூர்க்காப் படையினரின் பெயர்களும் உண்டு. பார்க்க விரும்புவோர் காலையிலோ மாலையிலோ செல்வது நன்று. உச்சி வெயிலில் வெள்ளைக்கல் கண்ணைக் கூசச் செய்யும். வெயில் சாய்ந்து விழும்போதுதான் புலியின் கோடுகளும் பிரிட்டானியாவின் கையிலுள்ள கிளையும் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும்.