திட்டித் தீர்த்த குணசேகரன்... தேம்ப வைத்த மாரிமுத்து!

விடியற்காலையிலேயே போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் ஏலத் தோட்டங்கள். காய் எடுக்கப் போகும் பெண்கள் பொழுது சாயும் நேரத்தில்தான் வீடு திரும்புவார்கள். சோறாக்கி, பாத்திரம் கழுவி, அப்பாடா என்று உட்காரும்போது மணி ஒன்பதரை. சன் டி.வி-யில் 2022 பிப்ரவரியில் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’, சரியாக அந்த நேரத்துக்குத்தான் வந்தது.

அதில் ஆதி குணசேகரன் என்று ஒரு மனிதர். படித்த மருமகள்களை அடுப்படியோடு கட்டிப்போடுபவர். அவர் வாயைத் திறந்தாலே டி.வி-க்கு இந்தப் பக்கமிருந்து திட்டு விழும். ஆனால், அவர் வராத எபிசோடு சப்பென்று இருக்கும்! ‘இந்தாம்மா ஏய்’ என்ற அதட்டல், சீரியல் பார்க்காத இளவட்டங்களின் மீம்ஸ் வரை போனது. அந்தப் பேச்சு அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. வருசநாடு பக்கம் பசுமலைத்தேரியில் பிறந்தவர் மாரிமுத்து.

இயக்குநராகும் கனவோடு சென்னைக்கு வந்தவர், ஹோட்டலில் வேலை பார்த்தார். கவிஞர் வைரமுத்துவிடம் உதவியாளராக இருந்தார். ராஜ்கிரண், வசந்த், எஸ்.ஜே.சூர்யா என்று பலரிடம் உதவி இயக்குநர். இத்தனைக்கும் பிறகு அவர் இயக்கியவை இரண்டே படங்கள்: ‘கண்ணும் கண்ணும்’ (2008), ‘புலிவால்’ (2014). நடிப்புதான் கைகொடுத்தது. ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் நாயகியின் அப்பாவாக, அவர் குற்ற உணர்வோடு தலைகுனியும் இடங்களைப் பார்த்தவர்களுக்கு, வெறும் அதட்டல் நடிகர் இல்லை இவர் என்பது தெரியும்.

வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானது, ஐம்பதைக் கடந்த பிறகுதான். ‘ஜெயிலர்’ வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2023 செப்டம்பர் 8 காலை, ‘எதிர்நீச்சல்’ டப்பிங்கில் இருந்தவருக்கு மூச்சு முட்டியது. வெளியே வந்தவர், தானே கார் ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். அங்கே உயிர் பிரிந்தது. சீரியலில் நெஞ்சுவலி பற்றி அவர் பேசிய காட்சி, அன்று முழுக்க செல்போன்களில் சுற்றியது.

நம் வீடுகளிலும் இதே பழக்கம்தான். ‘வாயுப் பிடிப்பு’ என்று சுக்குக் காபி குடித்துவிட்டுப் படுப்போம். இல்லையென்றால் தனியாக வண்டியை எடுப்போம். இரண்டும் ஆபத்து. தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் கூடுதல் ஆபத்து. மலையிறங்கி போடி அரசு மருத்துவமனை, பெரிய சிகிச்சை என்றால் அதையும் தாண்டி க.விலக்கு மருத்துவக் கல்லூரி. வலி தொடங்கியதுமே துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு 108-ஐ அழைப்பதுதான் சரி.

சென்னையிலிருந்து அவர் உடல் பசுமலைத்தேரிக்கே வந்தது. கதை நிற்குமா? குணசேகரனாக எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். 2024 ஜூனில் முதல் பாகம் முடிந்தது. அவரும் கம்பீரமான நடிகர்தான். ஆனாலும், மாரிமுத்துவைத் திட்டியதுபோல உரிமையோடு அவரைத் திட்ட முடியவில்லை!