கட்டிக்குள் ஒரு குடிசன மதிப்பீடு

மாதர் குழுக் கூட்டம் முடிந்ததும் ஓர் அக்கா என்னைத் தனியே அழைத்தார். மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். “தங்கச்சி, கிருமி வந்தால் உடம்பு காய்ச்சலடிச்செண்டாலும் எதிர்க்குது. இதை மட்டும் ஏன் விட்டது? நான் ஒழுங்காச் சாப்பிடாததாலயோ?” என்று கேட்டார்.

நான் படித்தது சமூகவியல். உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. தேடி வாசித்தபோது 2018இல் வெளியான ஓர் ஆய்வு கிடைத்தது. நியூயோர்க்கிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையத்தில் டானா பேயர், அலெக்சாண்டர் ருடென்ஸ்கி ஆகியோரின் குழுவினர் செய்தது. எட்டு மார்பகக் கட்டிகளிலிருந்தும், ஒப்பிடுவதற்காக நோயற்ற மார்பக இழையம், குருதி, நிணநீர்க்கணு என்பவற்றிலிருந்தும் 45,000 நிர்ப்பீடனக் கலங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்திருந்தார்கள்.

முன்பெல்லாம் கட்டியின் துண்டை அரைத்து மொத்தமாகவே சோதிப்பார்கள். கிடைப்பது சராசரி. கிராமத்தின் சராசரி வருமானத்தை எழுதிவிட்டு வந்தால் எந்த வீட்டில் அடுப்பெரியவில்லை என்று தெரியுமா? இம்முறையிலோ ஒவ்வொரு கலத்தையும் நுண்ணிய துளியொன்றில் அடைத்து, அதன் ஆர்.என்.ஏக்குத் தனி அடையாளக்குறி இடுகிறார்கள். எந்தக் கலத்தில் எந்தப் பரம்பரையலகுகள் வேலை செய்கின்றன என்பதை அதைக்கொண்டு அறியலாம்.

அக்காவின் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலுண்டு. உடம்பு சும்மா இருக்கவில்லை; எதிர்க்கும் கலங்கள் கட்டிக்குள்ளே போயிருக்கின்றன. ஆனால் அங்கே அவை ஒரே நிலையில் இல்லை. ரி கலங்களின் விழிப்பு சிறிது சிறிதாக ஏறி இறங்குகிறது. எதிர்ப்பை அடக்கிவைக்கும் ரி கலங்களும் அவற்றுக்கிடையே இருக்கின்றன.

விழுங்கும் கலங்களான மக்ரோபேஜ்களைக் கட்டியை எதிர்ப்பவை, கட்டிக்கு உதவுபவை என இரண்டாகப் பிரிப்பது வழக்கம். இங்கே இரண்டு குணத்துக்குமான பரம்பரையலகுகள் ஒரே கலத்தில் சேர்ந்தே வேலை செய்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. ‘வசதியுள்ளது’, ‘வசதியற்றது’ என்று இரண்டே பெட்டிகள் கொண்ட படிவத்துடன் வீடு வீடாக அலைந்தவள் நான்.

இது எட்டுப் பேரின் கட்டிகள் மட்டுமே. கலங்களைப் பிரித்தெடுத்தபின் கட்டிக்குள் எது எதற்குப் பக்கத்தில் இருந்ததென்றும் தெரியாது. அதற்கு வேறு முறைகள் வேண்டும். நிர்ப்பீடனத்தின் தடையை அகற்றும் சிகிச்சைக்கு வழிகாட்டிய ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொன்ஜோ இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. அச்சிகிச்சை எல்லோருக்கும் பலிப்பதில்லை. யாருக்குப் பலிக்கும் என்று அறியவும் இத்தகைய வரைபடங்களை ஆராய்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் அக்காவிடம் இவற்றைச் சொன்னேன். “உங்கட உடம்பு பாத்துக்கொண்டு சும்மா இருக்கேல்லை அக்கா” என்றேன். கொஞ்சநேரம் பேசாமலிருந்தார்.

“அந்த எட்டுப் பேரும் ஆர்?”

“பேர் போடேல்லை.”

“தங்கட கட்டியைப் படிக்கக் குடுத்திருக்கினம், என்ன?” என்றார்.